மலைமேல் ஒரு வாய்தா

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்டால் பல பதில்கள் கிடைக்கும். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஏரியில் படகு விடப் போகிறார்கள். குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் சித்திரை வெயிலுக்குத் தப்பப் போகிறார்கள். சினிமாக்காரர்கள் பாட்டுக் காட்சி எடுக்கப் போகிறார்கள். எழுத்தாளர்களில் சிலர், அங்கே போய் உட்கார்ந்தால் நாவல் தானாகவே எழுதப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையோடு போய், கம்பளிக்குள் சுருண்டு நன்றாகத் தூங்கிவிட்டுத் திரும்புவதும் உண்டு. ஆனால் அந்த ஊர் பிறந்ததே வயிற்று நோயினால்தான் என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஊர் பிறந்தது என்று சொன்னேன். அதில் ஒரு திருத்தம் தேவை. பழனி மலைத்தொடரில் மனிதர்கள் வாழத் தொடங்கி வெகு காலம் ஆகிறது. தாண்டிக்குடிப் பக்கத்தில் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் இன்றும் இருக்கின்றன. பளியர் முதலிய பழங்குடிகளும், பூம்பாறை போன்ற மலைக் கிராமங்களின் குடியானவர்களும் எந்தத் துரையின் வரவுக்கும் காத்திருந்தவர்கள் அல்லர். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி இந்த மலைகளை அளந்து படம் போட வந்தபோது, வெள்ளகவிக் கிராமத்தில்தான் தங்கினார். ஆக, நான் சொல்லும் கொடைக்கானல், மாடி வீடும் மாதாகோயிலும் பூந்தோட்டமுமாக நாம் அறிந்திருக்கும் கொடைக்கானல். அதற்கு வயது இரண்டு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கப் பாதிரிமார் மதுரைக்கு வந்து மிஷன் ஒன்று தொடங்கினார்கள். வேதம் போதிக்க வந்தவர்களை எதிர்கொண்டது மதுரையின் வெயிலும் வாந்திபேதியும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை என்னும்படியான நோய் அது. சீதபேதியோ வேறு விதம். மாதக் கணக்கில் ஆளை உருக்கிக் கடைசியில் கொண்டுபோகும். மனைவியையும் பச்சைக் குழந்தைகளையும் மதுரை மண்ணில் புதைத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் சொல்ல வேண்டிய நிலைமை அவர்களுக்கு நேர்ந்தது. இப்படியே போனால் மிஷனில் ஆள் மிஞ்ச மாட்டார்கள் என்று தோன்றிய பிறகு, பக்கத்தில் எங்கேயாவது ஓர் உயரமான இடம் தேடினார்கள். முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கே மலைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் பழனி மலையின் உச்சிப் பீடபூமிக்கு வந்தார்கள். 1845-ல் அங்கே இரண்டு பங்களாக்கள் எழும்பின. ஒன்றுக்கு சன்னிசைடு என்றும் மற்றொன்றுக்கு ஷெல்டன் என்றும் பெயர். கொடைக்கானல் நகரத்தின் முதல் அஸ்திவாரம் அதுதான்.

போகிற வழி சாமானியமானதல்ல. பெரியகுளம் பக்கத்தில் அடிவாரத்துத் தோப்பு ஒன்று வரையில் மாட்டு வண்டி. அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். நோயாளிகளையும் துரைசானிகளையும் குழந்தைகளையும் டோலியில் வைத்துக் கூலிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். மலேரியாவுக்குப் பயந்து, அடிவாரக் காட்டை அதிகாலையிலேயே தாண்டிவிட வேண்டும் என்பது வழக்கம். ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் டோலி இறக்கி வைக்கப்பட்டதும், குளிர்ந்த காற்றை இழுத்து மூச்சு விட்டு, பிழைத்தோம் என்றார்கள். அதில் பொய்யில்லை, பலர் பிழைத்தார்கள்தான்.

ஆனால் ஏன் பிழைத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. கெட்ட காற்றினால்தான் பேதி வருகிறது என்பது அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர்களின் அபிப்பிராயம். நல்ல காற்றைத் தேடி மலை ஏறினார்கள். காற்றுக்கும் வாந்திபேதிக்கும் சம்பந்தமில்லை, குடிக்கிற தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டியது 1854-ல். ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து, குளத்துத் தண்ணீரில் அந்தக் கிருமியைக் கண்டு சொன்னது 1884-ல். மலையின் மேல் ஜனநெருக்கம் இல்லை. ஊற்று நீர் சுத்தமாக இருந்தது. ஆகவே பாதிரிமார் தப்பினார்கள். காரணம் தப்பு, காரியம் சரி. வைத்திய சரித்திரத்தில் இந்த மாதிரி அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

டோலி தூக்கியவர்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. தூக்கி வந்த சுமையை மேலே இறக்கிவிட்டு, கூலியை மடியில் முடிந்துகொண்டு, அதே பாதையில் இறங்கி, அதே அடிவாரத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள். மலை அவர்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பாதிரிமாருக்குக் கிடைத்ததும் முழு விடுதலையல்ல. இரண்டு மூன்று மாதம் மேலே இருந்துவிட்டு, மறுபடியும் மதுரைக்கு இறங்கத்தான் வேண்டும். நம்முடைய கோர்ட்டு பாஷையில் இதற்கு நல்ல வார்த்தை ஒன்று இருக்கிறது: வாய்தா. கேஸ் தள்ளுபடி ஆகவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை, அடுத்த தேதி வரையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். கொடைக்கானல் அவர்களுக்குக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு வாய்தா. நான் இப்போது சொல்ல வருகிற நோய்க்கும் இந்த வார்த்தைதான் மிகப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

குடலில் வரும் புற்று, அதிலும் முற்றிப் பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டது, சிகிச்சைக்கு அடங்கி நின்றுவிட்டால் டாக்டர் என்ன சொல்கிறார்? ‘குணமாகிவிட்டது’ என்று சொல்வதில்லை. ‘இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார். நோயாளி ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதைக் கேட்டு ஆனந்தப்படுகிறார். கூட வந்த மனைவிக்கு ‘இப்போதைக்கு’ என்பதுதான் காதில் விழுகிறது. மருத்துவப் புத்தகக்காரர்கள் இதை நோய்த் தணிவு என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு வாய்தாவே பிடித்திருக்கிறது. அதில் நீதிபதி இருக்கிறார், தேதி இருக்கிறது, பஸ் செலவும் இருக்கிறது.

இந்த வாய்தாவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. அது துக்கத்தில் தொடங்குகிறது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற புதுக்கோட்டைப் பெண்மணி முத்துலட்சுமி ரெட்டியை எல்லோரும் அறிவார்கள். சட்டசபையில் அமர்ந்தவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், ஔவை இல்லம் கண்டவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. சீதபேதி என்றார்கள். சீதபேதிக்கு உண்டான மருந்தைக் கொடுத்தார்கள். குணமாகவில்லை. கடைசியில் தெரிந்தது, அது சீதபேதியல்ல, மலக்குடலில் புற்று என்று. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பெண் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தாள்.

ஒரு கணம் இதை யோசித்துப் பாருங்கள். அக்காள் டாக்டர். அக்காளைச் சுற்றி இருந்தவர்களும் டாக்டர்கள். சென்னை போன்ற பட்டணம். அப்படியும் தவறிவிட்டது. தவறியதில் பெரிய ஆச்சரியமில்லை. நம் நாட்டில் வயிறு என்றால் பேதி, பேதி என்றால் தண்ணீர்க் குற்றம் அல்லது சாப்பாட்டுக் குற்றம். அந்தப் பழைய பயம் எவ்வளவு பெரியதாக இருந்ததென்றால், அதன் நிழலில் வேறொரு நோய் ஒளிந்துகொண்டு வளர முடிந்தது. இத்தனைக்கும், மலக்குடலை முழுவதும் எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு வழி அமைத்து ஆளைப் பிழைக்க வைக்கும் ரண சிகிச்சையை லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்பவர் 1908-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். அப்போது முத்துலட்சுமி மாணவி. ஆகவே, சீக்கிரம் கண்டிருந்தால் ஏதோ ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த ‘இருந்தால்’ அந்த அக்காளை எத்தனை இரவு தூங்கவிடாமல் செய்திருக்கும் என்பதை ஒரு நாவலாசிரியன் ஊகிக்கலாம். சரித்திரக்காரன் ஊகிக்கக் கூடாது.

சரித்திரக்காரன் சொல்லக்கூடியது இது. 1920-களின் நடுவில் லண்டனுக்குப் போன முத்துலட்சுமி அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிப் பதினேழு வருஷம் கழித்து, 1952-ல் அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது. நடுவில் பட்ட பாட்டைப் பற்றி டாக்டர் சாந்தா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி, அது வந்தவர்கள் சாகத்தானே போகிறார்கள் என்று ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் கேட்டார்களாம். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் காலமாகும் வரையில் அந்த வளாகத்தையே வீடாகக் கொண்ட சாந்தாவும், அந்தக் கேள்விக்கு அறுபது வருஷம் பதில் சொன்னார்கள். வாயால் அல்ல, ஒவ்வொரு வருஷமும் மறுபரிசோதனைக்கு உயிரோடு திரும்பி வந்து வரிசையில் நின்றவர்களால்.

அப்படியானால் இன்று நிலைமை என்ன? குடற்புற்று மற்ற உறுப்புகளுக்குப் பரவாத முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கக் கணக்குப்படி நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு கண்டால், சுமார் 15 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் நம் ஊரில் அநேகம் பேர் விழுகிறார்கள். ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு செய்து, மூலத்துக்குக் கைராசிக்காரரைத் தேடிப் போகிறோம். முத்துலட்சுமியின் தங்கைக்குச் சீதபேதி என்றார்களே, அதே தவறு பெயர் மாறி நடக்கிறது. சில வாரங்களுக்கு மேல் ரத்தம் போவதும், மலம் கழிக்கும் பழக்கம் காரணமில்லாமல் மாறுவதும், இளைப்பதும், ரத்த சோகை காண்பதும், குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். சங்கோஜப்படுகிற விஷயம்தான். அந்தச் சங்கோஜம் பலரைக் கொன்றிருக்கிறது.

பதினைந்து பேர் என்ற எண்ணைப் படித்ததும் மீதி எண்பத்தைந்து பேரில் ஒருவராகத் தம்மை வைத்துப் பார்ப்பது மனித சுபாவம். ஸ்டீபன் ஜே கூல்ட் என்று அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி இருந்தார். நன்றாக எழுதவும் தெரிந்தவர். 1982-ல் அவருடைய வயிற்றின் உட்சுவரில் ஓர் அரிய புற்று வந்தது. குடற்புற்று அல்ல, அதைவிடக் கொடியது. நோய் கண்டவர்களில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போய்விடுவார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. அவர் கணக்குத் தெரிந்தவர். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் என்றால் மற்றப் பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல். அந்த மேல் பாதியின் வால் எவ்வளவு தூரம் நீளும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று கண்டு, அதை 1985-ல் கட்டுரையாகவே எழுதினார். எட்டு மாதக் கெடுவை இருபது வருஷமாக்கி, 2002-ல் வேறொரு புற்றினால் இறந்தார்.

இன்னொரு மனிதர் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். 1941 ஜனவரியில், எழுபத்தொரு வயதில், குடற்புற்றுக்காக லியோன் நகரத்தில் அவருக்கு ரண சிகிச்சை நடந்தது. பிழைப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். பிழைத்தார். ஆனால் நின்று கொண்டு தூரிகை பிடிக்க உடம்பில் சக்தி இல்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வர்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். இன்று உலகம் முழுவதும் சுவர்களில் தொங்கும் அவருடைய காகிதச் சித்திரங்கள் அந்தப் பதின்மூன்று வருஷத்துச் சம்பாத்தியம். வான்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு கோயிலுக்குக் கண்ணாடிச் சாளரம் முதல் பாதிரியாரின் அங்கி வரையில் அவரே வகுத்துக் கொடுத்து 1951-ல் முடித்தார். அந்தக் காலத்தைத் தமக்குக் கிடைத்த இரண்டாவது ஆயுளாகவே அவர் கருதினார். அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள் போடப்பட்ட அதே 1954-ல்தான் அவர் கண்ணை மூடினார்.

மத்தீஸ் ஆக எல்லோராலும் முடியாது. வாய்தாவில் இருக்கிறவர் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று சுற்றத்தார் எதிர்பார்ப்பதுகூட ஒரு விதக் கொடுமை என்று நினைக்கிறேன். காய்கறி வாங்கிக்கொண்டு வந்து பத்திரிகை படித்துவிட்டுத் தூங்கினால் போதாதா?

இனி மருந்து. பழனிமலை முருகனின் திருமேனியைப் போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது ஐதிகம். மலைத்தொடரின் மேலே பூம்பாறைக் குழந்தை வேலப்பரையும் அவர் செய்ததாகவே சொல்கிறார்கள். நஞ்சை அளவறிந்து கட்டினால் மருந்து என்ற எண்ணம் அந்த மலைக்குப் புதிதல்ல. புற்றுநோய் மருந்துகளும் நஞ்சுதான். குடற்புற்றுக்கு இன்றும் ஆதாரமாக இருக்கும் ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தை 1957-ல் சார்லஸ் ஹைடல்பர்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெளியிட்டார். உயிரணு தன்னைப் பெருக்கிக்கொள்ளச் செங்கல் மாதிரி ஒரு பொருளை எடுத்து அடுக்குகிறது. புற்றணுவுக்கு அதில் பேராசை. அந்தச் செங்கல்லைப் போலவே தோற்றமுள்ள ஒரு பொய்க் கல்லை அதன் கையில் கொடுத்துவிட்டால், சுவர் பாதியில் நின்றுவிடும். இதுதான் யுக்தி. வேகமாக வளர்கிற நல்ல அணுக்களும், வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும், அதே கல்லை எடுத்து ஏமாறுகின்றன. அதனால்தான் வாய்ப்புண்ணும் பேதியும்.

கல்லீரலில் இறங்கிய கட்டிகளை வெட்டி எடுக்கவும் ரண வைத்தியர்கள் கற்றுக்கொண்டார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் முருங்கையைப் போலக் கல்லீரல் மறுபடி வளரும் தன்மை உடையது. அப்படி முழுவதும் எடுக்க முடிந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள் என்பது தேர்ந்த ஆஸ்பத்திரிகளின் அனுபவம். முன்பெல்லாம் கல்லீரல் என்றதும் ஃபைலை மூடிவிடுவார்கள்.

ஃப்ளூரோயுராசிலோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். பெயரிலேயே பிளாட்டினம் இருக்கிறது. விலை உயர்ந்த நஞ்சு. இதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. மருந்து ஏறிய நாட்களில் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால் தாடை பிடித்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும். சிலருக்கு விரல் நுனிகளிலும் உள்ளங்காலிலும் மரமரப்பு வருஷக் கணக்கில் தங்கிவிடுகிறது. மதுரையில் இருக்கிறவருக்கு இது ஒரு தொந்தரவு. கொடைக்கானலில் இருக்கிறவருக்கோ ஊரே எதிரியாகிவிடுகிறது. மார்கழியில் புல் நுனியெல்லாம் உறைபனி பூத்து நிற்கும் ஊரில் அவர் குழாயைத் திறக்க வேண்டும், கதவின் தாழ்ப்பாளைத் தொட வேண்டும், மேடும் பள்ளமுமான தெருவில் உணர்வில்லாத பாதத்தை வைத்து நடக்க வேண்டும். எந்தக் குளிர்ச்சியை நாடி நோயாளிகள் டோலியில் ஏறிப் போனார்களோ, அதே குளிர்ச்சி இந்த நோயாளிக்கு முள்ளாகக் குத்துகிறது.

அப்படிப்பட்ட ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. நாயுடுபுரத்தில் இருக்கிற, தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் என்று வைத்துக்கொள்வோம். 2019-ல் நோய் தெரிந்தது, கல்லீரலுக்கும் போயிருந்தது. இரண்டு ரண சிகிச்சை. பன்னிரண்டு முறை மருந்து. அதன் பிறகு வாய்தா. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். 1965-ல் கானடாவில் கோல்டு, ஃப்ரீட்மன் என்ற இருவர் கண்டுபிடித்த அடையாளம் அது. ஐந்துக்குக் கீழே இருந்தால் முகம் மலரும். 2.1 இருந்தது 2.8 ஆகியிருந்தால், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் அன்று சாப்பாடு இறங்காது.

பரிசோதனைக்குப் பத்து நாள் முன்னாலேயே வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். மனைவி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவர் காரணமில்லாமல் பேரனை அதட்டுவார். சாதாரண வயிற்று வலி வந்தால்கூட அது சாதாரணமாக இருக்காது. மலை இறங்குவது வேறு ஒரு கஷ்டம். குடலில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு, அதிலும் மலக்குடலுக்கு அருகில் எடுத்தவர்களுக்கு, அவசரம் திடீரென்று வரும். ஒரே நாளில் பல தடவை வரும். வத்தலக்குண்டு வரையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவும் நெளிவுமான பாதை. வயிற்றில் பை கட்டியவர்களுக்காவது ஒரு நிச்சயம் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடந்து பஸ் ஏறுவார். எங்கெங்கே டீக்கடை, எந்தக் கடைக்குப் பின்னால் கதவோடு கூடிய கழிப்பிடம் என்பது அவருக்கு மனப்பாடம். கொடைக்கானல் மலைப்பாதையைப் பற்றி எத்தனையோ வர்ணனைகள் வந்திருக்கின்றன. இந்த வரைபடத்தை யாரும் போடவில்லை.

ஊரார் இரண்டு வகை. ஒரு வகையினர் ‘அந்த நோய்’ என்று பெயர் சொல்லாமல், செத்தவனைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பார்கள். இன்னொரு வகையினர், ‘உங்களுக்கென்ன சார், முன்னைவிட நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!’ என்று கேஸையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். இதற்கிடையே பச்சிலைக்காரர், யந்திரக்காரர், பால் மட்டும் குடிக்கச் சொல்கிறவர், மருந்தையெல்லாம் நிறுத்தச் சொல்கிறவர். கடைசி ரகத்தாரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மலை வாழைப்பழத்தினாலும் பூண்டினாலும் தீமை இல்லை. மறுபரிசோதனையை விட்டுவிடுவதால்தான் தீமை. மறுபடி தலைகாட்டும் கட்டியைச் சீக்கிரம் கண்டால் இன்னொரு முறை வெட்டவும் வழி இருக்கிறது.

நம் குமாஸ்தாவுக்குக் கணக்கில் ஒரு பித்து உண்டு. 2018-ல் மலைச் சரிவில் குறிஞ்சி பூத்தபோது பேரனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. அதற்கு முன்னால் 2006-ல் பூத்தது. குடலின் உட்சுவரில் ஒரு சிறு பருவாகத் தோன்றியது புற்றாக மாறச் சுமார் பத்து வருஷம் ஆகிறது என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். 2006-ல் பூ பூத்தபோது தம் வயிற்றில் ஒன்றும் இருந்திராது. அந்தப் பூவின் விதை மண்ணில் விழுந்து, முளைத்து, புதராகி, அடுத்த பூவுக்குத் தயாரான அதே காலத்தில், இங்கேயும் ஒன்று முளைத்து வளர்ந்திருக்கிறது. 2018-ல் பேரனுக்குப் பூவைக் காட்டியபோது இரண்டும் முழு வளர்ச்சியில் இருந்தன. இடையில் ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்திருந்தால், பருவாக இருந்தபோதே கிள்ளி எடுத்திருப்பார்கள்; அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள். அடுத்த குறிஞ்சி 2030. அந்த எண்ணை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.

வத்தலக்குண்டில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமையர் பிறந்த ஊர் அது. 1898-ல் இருபத்தாறு வயதில் அவர் ஆயுள் முடிந்தது. அவருக்கு ஒரு வாய்தாவும் கிடைக்கவில்லை. நம் தம்பதிகளுக்கு அது தெரியாது. மதுரையிலிருந்து திரும்பும் வழியில் அவர் இரண்டு டம்ளர் காப்பி வாங்கி வருகிறார். சூடாக இருப்பதால் டம்ளர் குத்தவில்லை.

“என்னங்க சொன்னாரு டாக்டரு? ஆஸ்பத்திரியில கேட்டா பேசவே மாட்டேனுட்டீங்க.”

“ஒண்ணும் தெரியலையாம். ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு.”

“தேதி குடுத்துட்டாங்களா?”

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிறார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரல் விட்டு எண்ணுகிறாள்.

“கிருத்திகைக்கு மொத நாள் வருதுங்க. அன்னிக்கு மதுரையிலேயே தங்கிட்டு, மறுநாள் பழனி வழியா மேல வந்துடலாம். அந்தப் பக்கமும் பஸ் இருக்குதுல்ல?”

“இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவர் கண்டக்டரைத் தேடுகிறார். பஸ் கிளம்புவதற்குள் ஒரு தடவை போய்விட்டு வந்துவிட வேண்டும்.